டியூஷன் சைட்டுக்கு மாசா மாசம் மெம்பர்ஷிப் காசு தானா வர்ற மாதிரி எப்பிடி செட் பண்றது?

லிந்துல_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் லிந்துல பக்கம் டியூஷன் நடத்துறேன், அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்புக்கும் ஓலெவல் கணிதத்துக்கும். கொரோனா நேரம் சூம்ல தொடங்கினது, அப்புறம் பிள்ளைங்க கேட்டாங்கன்னு வகுப்ப ரெக்கோட் பண்ணி ஒரு வேர்ட்பிரஸ் சைட்டுல போட்டேன், இப்ப வீடியோ, மாதிரி வினாத்தாள், விடை விளக்கம் எல்லாமே அதுலதான் இருக்கு. மாசம் 600 ரூவா. 140 பிள்ளைங்க இருக்காங்க, மஸ்கெலியா, பொகவந்தலாவ, பூண்டுலோயா, அந்தப் பக்கம் இறாகலை வரைக்கும்.

படிச்சுக் குடுக்கிறதுல கஷ்டமே இல்ல, காசு கணக்குலதான் நான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். அம்மா அப்பாமார் பேங்க்ல போட்டுட்டு ஸ்லிப்ப போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, சில பேர் டவுனுக்கு வர்றப்ப கையில தருவாங்க, சில பேர் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டுட்டு பேரே எழுத மாட்டாங்க. ராத்திரி வகுப்பு முடிஞ்சு ஒரு சீஆர் கொப்பியில ஒவ்வொண்ணா டிக் பண்ணி, அதுக்கப்புறம் சைட்டுல போய் ஒவ்வொரு பிள்ளையோட அக்கவுண்டயும் திறந்து விடணும். போன மாசம் ஒரு பிள்ளை காசு கட்டியும் என் கண்ணுல ஸ்லிப் படாம போயி அக்கவுண்ட் பூட்டியே கிடந்திருக்கு, அந்தப் பிள்ளை மூணு வகுப்பு பார்க்கல, கேட்கவும் பயந்துக்கிட்டு இருந்திருக்கு. அது தெரிஞ்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. இனி இத என் கையால செய்யக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

யூடியூப்ல பார்த்தா எல்லாரும் ஸ்ட்ரைப்னு, இணையத்துல கார்ட் காசு வாங்கித் தர்ற வெளிநாட்டு சேவை, அதப் போடுங்கங்கிறாங்க, பதியப் போனா நாட்டு லிஸ்ட்டுல இலங்கையே இல்ல. மாசா மாசம் தானா காசு வெட்டி, வெட்டினதும் பிள்ளையோட அக்கவுண்ட் தானா திறந்து, வராட்டி தானா நிக்கணும். நம்ம நாட்டுல இது முடியுமா? கார்ட் இல்லாத வீடுங்கதான் பாதிக்கு மேல, அவங்கள என்ன செய்றது? கொஞ்சம் விளக்கமா சொன்னீங்கன்னா புண்ணியமா இருக்கும்.

ஹப்புத்தளை_கோடிங்:

டீச்சர் வணக்கம். முடியும், பயப்படாதீங்க. நான் ரெண்டு மூணு சைட்டுக்கு இத செஞ்சு குடுத்திருக்கேன், அதுனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

ஸ்ட்ரைப் இலங்கையில பதிஞ்ச வியாபாரத்துக்கு அக்கவுண்ட் குடுக்கிறதில்ல, அத விட்டுருங்க. யாராச்சும் வெளிநாட்டு அட்ரஸ் போட்டுத் திறந்து தர்றேன்னு வந்தா அது வேணவே வேணாம், ஒரு நாள் அக்கவுண்ட மூடினா உள்ள இருக்கிற பிள்ளைங்க காசு அப்பிடியே மாட்டிக்கும். உள்ளூர்ல பேஹியர், வெப்எக்ஸ்பேன்னு கேட்வே இருக்கு, அதாவது கார்ட் காச வாங்கி நம்ம கையில சேர்க்கிற சேவை. எனக்குப் பழக்கம் பேஹியர், அதுல மாசா மாசம் வெட்டுறதுக்குன்னே ரெக்கரிங்னு ஒரு வசதி இருக்கு. மாசம் ஒரு தடவை, எத்தனை மாசத்துக்குன்னு நீங்களே குடுக்கலாம், நிறுத்துற வரைக்கும்னும் குடுக்கலாம். அப்பா முதல் தடவை கார்ட் நம்பர் போட்டு போனுக்கு வர்ற ஓடிபிய அடிச்சாப் போதும், அடுத்த மாசத்துல இருந்து ஓடிபி கேட்காம தானா வெட்டும். கார்ட் நம்பர் அடிக்கிறது அவங்க பக்கத்துல, உங்க சைட்டுல இல்ல, அதுனால உங்க டேட்டாபேஸ்ல ஒரு கார்ட் நம்பர் கூட தங்காது. தங்கவும் கூடாது டீச்சர், யாராச்சும் ஒரு டிசைனர் கார்ட் நம்பர நம்ம சைட்டுலயே வாங்கி வச்சுக்கலாம்னு சொன்னா அந்த ஆள்கிட்ட வேலையே குடுக்காதீங்க.

அக்கவுண்ட் எடுக்க வியாபாரப் பெயர் பதிவு வச்சிருந்தா வேலை சுலபம். பிரதேச செயலகத்துல செய்யலாம், கிராம சேவகர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போங்க. சைட்டுல விலை, தொடர்பு முகவரி, காசு திருப்பிக் குடுக்கிற விதிமுறை, தனியுரிமை பக்கம் இதெல்லாம் பார்க்கிற மாதிரி இருக்கணும், அது இல்லாம அனுப்பித்தான் நிறைய பேர் திரும்பத் திரும்ப அலையிறாங்க. அப்புறம் உங்க டொமைன, அதாவது சைட்டோட பேர, அவங்க பேனல்ல போட்டு அனுமதி வாங்கணும், வாங்கினாத்தான் மெர்ச்சன்ட் சீக்ரெட் தருவாங்க. அது சாவி மாதிரி, வாட்ஸ்அப்ல யாருக்கும் அனுப்பாதீங்க.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன், இதுலதான் எல்லாரும் விழுறாங்க. நானும் விழுந்தேன். கேட்வேக்கு நீங்க ரெண்டு முகவரி குடுப்பீங்க. ஒண்ணு ரிட்டர்ன் யூஆர்எல், காசு கட்டி முடிஞ்சதும் அப்பாவோட பிரவுசர் திரும்பி வந்து நிக்கிற பக்கம். இன்னொண்ணு நோட்டிஃபை யூஆர்எல், கேட்வேயோட சர்வர் நேரா உங்க சர்வர்கிட்ட வந்து "இந்த ஓடருக்கு இவ்வளவு காசு வந்துச்சு"ன்னு சொல்ற இடம். நான் முதல் தடவை செஞ்ச சைட்டுல ரிட்டர்ன் பக்கத்துக்கு ஆள் வந்தாலே அக்கவுண்ட திறந்து விட்டுட்டேன். ஓடிபி அடிச்ச கையோட சிக்னல் போன வீட்டுப் பிள்ளைக்கு காசு போயிருக்கு, அக்கவுண்ட் திறக்கல. மலையில மூட்டம் எறங்கினா சிக்னல் எப்பிடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்தானே. அதே நேரம் ஒரு பையன் அந்த ரிட்டர்ன் லிங்க கொப்பி பண்ணி சிநேகிதனுக்குக் குடுத்திருக்கான், காசே கட்டாம ஏழெட்டுப் பேர் உள்ள வந்துட்டாங்க. அதுனால ரிட்டர்ன் பக்கத்துல "நன்றி, கொஞ்சம் பொறுங்க"ன்னு மட்டும் போடுங்க. அக்கவுண்ட திறக்கிறது நோட்டிஃபை பக்கம் மட்டும்தான்.

நோட்டிஃபையில வர்றத அப்பிடியே நம்பவும் கூடாது. கூடவே எம்டி5 சிக்னேச்சர் ஒண்ணு வரும், செய்தி உண்மையான்னு பார்க்கிற முத்திரை மாதிரி, எம்டி5ங்கிறது அத உண்டாக்குற கணக்கு முறை. மெர்ச்சன்ட் ஐடி, ஓடர் ஐடி, தொகை, கரன்சி, ஸ்டேட்டஸ் கோட், கடைசியில சீக்ரெட்டோட எம்டி5 பெரிய எழுத்துல, இது எல்லாத்தையும் ஒட்டி நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் உண்மை. ஸ்டேட்டஸ் கோட் 2ன்னா காசு வந்துருச்சு, 0ன்னா இன்னும் முடியல, -1 அவங்களே கேன்சல் பண்ணிட்டாங்க, -2 வெட்ட முடியல, -3ன்னா காசு வந்த பிறகு கார்ட்காரர் தகராறு பண்ணி திரும்பிப் போயிருச்சுன்னு அர்த்தம். தொகை 600 தானான்னும் பாருங்க. அதே செய்தி ரெண்டு தடவை வந்தா ரெண்டு மாசம் கூடிரும், அதுனால பேமண்ட் ஐடிய எழுதி வச்சு ஏற்கனவே பார்த்ததுன்னா விட்டுரணும்.

பிள்ளையோட அக்கவுண்ட்டுல "கட்டியாச்சு, கட்டல"ன்னு டிக் வைக்காதீங்க டீச்சர். ஒரே ஒரு திகதி வைங்க, "எதுவரைக்கும்"னு. காசு வந்தா அந்தத் திகதி ஒரு மாசம் முன்னுக்குப் போகணும், வராட்டி ஒண்ணும் செய்ய வேணாம், திகதி தாண்டினா தானா பூட்டும். கையால வாங்குற காசும் அதே திகதியத்தான் தள்ளும். என்ன வழியில காசு வந்தாலும் கடைசியில அந்த ஒரு திகதிதான், இது மட்டும் ஒழுங்கா இருந்தா மத்தது எல்லாம் பிறகு சேர்த்துக்கலாம்.

அட்டன்_புத்தகக்கடை:

டீச்சர், நான் அட்டன் டவுன்ல புத்தகக்கடை வச்சிருக்கேன். தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனா கார்ட் இல்லாத வீட்டப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. எங்க கடைக்கு வர்ற தோட்டத்து ஆளுங்க நிறைய பேர்கிட்ட பேங்க் புத்தகம் மட்டும்தான் இருக்கு. கார்ட் இருந்தாலும் மெஷின்ல காசு எடுக்க மட்டும் வச்சிருப்பாங்க, இணையத்துல செலவு பண்ற வசதிய பேங்க்ல கேட்டுத் திறந்திருக்க மாட்டாங்க. ஹட்டன் பேங்க் 1888ல எங்க ஊர்லதான் தொடங்கினது, அப்பிடி ஊர்லயும் தோட்டத்து அம்மாவுக்கு இன்னும் கைக்காசுதான் நம்பிக்கை. அது தப்பும் இல்ல.

போன்ல ஸ்கேன் பண்ணி காசு அனுப்புற லங்காகியூஆர் ஸ்டிக்கர் எங்க கடையிலயும் ஒட்டியிருக்கு, அதுல ஆள்தான் ஸ்கேன் பண்ணி அனுப்பணும், மாசா மாசம் தானா வெட்டாது. அதுனால நான் வேற ஒரு ஆசிரியருக்குச் செய்றதச் சொல்றேன். அவர் சைட்டுல இருந்து கூப்பன் கோட் எடுத்து சின்ன அட்டையில அடிச்சு கட்டுக் கட்டா எனக்குத் தருவார், ஒரு மாசத்துக்கு ஒண்ணு, மூணு மாசத்துக்கு ஒண்ணு. ரீலோட் கார்ட் சுரண்டி நம்பர் அடிச்சுப் பழகின ஆளுங்கதானே நாங்க, யாருக்கும் சொல்லிக் குடுக்கவே தேவையில்ல. அம்மா கொப்பி வாங்க வர்றப்ப அட்டையும் வாங்கிட்டுப் போவாங்க, பிள்ளை வீட்டுல கோட்ட அடிச்சா அக்கவுண்ட் திறந்துரும். விக்கிற ஒவ்வொரு அட்டைக்கும் எனக்கு ஒரு சின்ன கழிவு. தலவாக்கலையில, மஸ்கெலியாவுல ஒவ்வொரு கடை புடிச்சீங்கன்னா போதும், அந்த ஸ்லிப் போட்டோ வேலை பாதி குறைஞ்சிரும்.

கோட் நீளமா, கண்டபடி எழுத்தும் நம்பரும் கலந்து இருக்கணும். 1001, 1002ன்னு வரிசையா அடிச்சா பிள்ளைங்க அடுத்ததக் கண்டுபுடிச்சிரும், நம்ம பிள்ளைங்க கணக்குல கெட்டிக்காரங்க. ஒரு தடவை பாவிச்ச கோட் செத்துரணும். எந்தக் கடைக்கு எந்தக் கட்டு போச்சுன்னு எழுதி வச்சுக்கங்க.

மடுல்சீமை_தாய்:

நான் டீச்சரும் இல்ல, கோடிங்கும் தெரியாது, ரெண்டு பிள்ளைங்க இப்பிடி ஆன்லைன்ல படிக்கிற ஒரு தாய். காசு வாங்குற பக்கம் இருந்துதான் எல்லாரும் பேசுறீங்க, குடுக்கிற பக்கத்தயும் கொஞ்சம் பாருங்க.

வேற ஒரு சைட்டுல மகனுக்காக கார்ட் போட்டோம், பேர் சொல்லல. அது ஒவ்வொரு மாசமும் 3ஆம் திகதி வெட்டும். எங்களுக்கு சம்பளம் 10ஆம் திகதி. 3ஆம் திகதி பேங்க்ல என்ன இருக்கும்? மகள வைத்தியருகிட்ட காட்ட எடுத்து வச்சிருந்த காசு இருந்துச்சு, அது போயிருச்சு. சொன்ன காசத்தான் எடுத்தாங்க, களவெடுக்கல, ஆனா அந்த நேரத்துல எடுத்ததுனால பஸ்ஸுக்குக் கூட கைமாத்து வாங்கினோம். நிறுத்தலாம்னு பார்த்தா சைட்டுல நிறுத்துற பட்டனே இல்ல, ஈமெயில் அனுப்பச் சொல்லி இருந்துச்சு, அதுக்குப் பதிலே வரல. கடைசியில கார்ட்டையே பேங்க்ல குடுத்து நிறுத்தினோம்.

டீச்சர், உங்க சைட்டுல தயவு செஞ்சு சம்பளத்துக்கு அப்புறமா வெட்டுற மாதிரி வைங்க. ரெண்டு நாளைக்கு முன்னாலயே "இந்தத் திகதியில 600 ரூவா எடுப்போம்"னு தமிழ்ல ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்க. நிறுத்துற பட்டன் பிள்ளைக்குத் தெரியிற இடத்துல பெருசா இருக்கட்டும். நிறுத்தினாலும் கட்டின மாசம் முடியிற வரைக்கும் படிக்க விடுங்க. இத எழுதுறப்ப எனக்குக் கோவம் இல்ல, பிள்ளை படிக்கணும், அது ஒண்ணுதான்.

லிந்துல_டீச்சர்:

அக்கா, இத நீங்க சொல்லாட்டி நான் 1ஆம் திகதின்னு வச்சிருப்பேன். எங்க அம்மாவும் கொழுந்து எடுத்த ஆள்தான், மாசத்துல முதல் பத்து நாள் எங்க வீடு எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் இது என் மண்டையில ஓடல. மன்னிச்சுக்கங்க.

புத்தகக்கடை அண்ணே, அட்டை யோசனை ரொம்பப் பிடிச்சிருக்கு, தலவாக்கலையில எனக்குத் தெரிஞ்ச கடையில நாளைக்கே கேட்கிறேன்.

தம்பி, உங்ககிட்ட இன்னும் கேட்கணும். அப்பா 3ஆம் திகதி சேர்ந்தா அடுத்த மாசமும் 3ஆம் திகதிதானே வெட்டும், அத எப்பிடி 12க்கு மாத்துறது? வெட்ட முடியாமப் போனா உடனே பூட்டிரணுமா? இன்னொண்ணு, நாலஞ்சு வீட்டுல அக்காமார் கட்டார், குவைத்ல வேலை செய்றாங்க, அவங்களே தங்கச்சிக்குக் கட்டுறோம்னு சொல்றாங்க, அந்த ஊர் கார்ட் வேலை செய்யுமா?

ஹப்புத்தளை_கோடிங்:

மடுல்சீமை அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் செஞ்ச சைட்டுங்கள்ல இப்பிடி யோசிக்கவே இல்ல, இனி மாத்துறேன்.

திகதிக்கு ரெண்டு வழி இருக்கு டீச்சர். ரெக்கரிங் சேர்ந்த நாள்ல இருந்துதான் மாசத்த எண்ணும். அதுனால கார்ட்ல சேர்றத ஒவ்வொரு மாசமும் 11ல இருந்து 15 வரைக்கும் மட்டும் திறந்து வைங்க, மத்த நாள்ல வர்ற பிள்ளைக்கு அடுத்து வர்ற 15 வரைக்கும் சும்மா குடுத்துருங்க. சில நாள் இலவசம் போகும், பரவால்ல, அதுல பிள்ளை ருசி கண்டுரும். இன்னொரு வழி ப்ரீஅப்ரூவல், அதுல காசு வெட்டாம கார்ட்ட மட்டும் பதிஞ்சு ஒரு டோக்கன், அதாவது கார்ட் நம்பருக்குப் பதிலா ஒரு அடையாளக் கோட், தருவாங்க, அப்புறம் உங்க சர்வர் நீங்க சொல்ற நாள்ல அந்த டோக்கன வச்சு வெட்டும். திகதி முழுக்க உங்க கையில இருக்கும், ஆனா மாசா மாசம் அந்த வேலைய ஓட விடுற பொறுப்பும் உங்க சர்வர் தலையில வந்துரும். கரண்ட் போற மாதிரி சர்வரும் ஒரு நாள் தூங்கும். நீங்க முதல் வழியில தொடங்குங்க.

வெட்ட முடியாமப் போறது சாதாரணம். காசு போதாது, கார்ட் காலாவதி, தொலைஞ்சு போயி புதுக் கார்ட் எடுத்துட்டாங்க, இப்பிடி. உடனே பூட்டாதீங்க. திகதிக்கு மேல ஏழு நாள் திறந்தே இருக்கட்டும், அந்த ஏழு நாளும் சைட்டுல மேல ஒரு மஞ்சள் பட்டையில "கட்டணம் வரல"ன்னு காட்டுங்க. அதுவும் அம்மாவோ அப்பாவோ பார்க்கிற பக்கத்துல மட்டும் காட்டுங்க, பிள்ளை வகுப்பு பார்க்கிற பக்கத்துல வேணாம், அதப் பார்த்து ஏற்கனவே ஒரு பிள்ளை பயந்த கதைய நீங்களே சொன்னீங்க. வெட்டாமப் போனத அந்த ஏழு நாளுக்குள்ள திரும்ப முயற்சி பண்ற வசதியும் நிறுத்துற வசதியும் கேட்வேயோட ஏபிஐல, அதாவது உங்க சைட் அவங்க சர்வரோட பேசுற வழியில, இருக்கு, அக்கா கேட்ட பட்டன அதோட கோர்த்துரலாம். சும்மா உங்க டேட்டாபேஸ்ல மட்டும் நிறுத்தினதா எழுதிட்டு கேட்வேல நிறுத்தாம விட்டா அங்க மாசா மாசம் வெட்டிக்கிட்டே இருக்கும், அதுதான் பெரிய பாவம்.

கட்டார் அக்கா கார்ட்டு விசா, மாஸ்டர்னா பெரும்பாலும் வேலை செய்யும், அவங்க பேங்க் வெளிநாட்டு இணையச் செலவுக்கு அனுமதிச்சிருக்கணும், ரூவாயில வெட்டுறதுனால அந்தப் பேங்க் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட எடுக்கும், முன்னாடியே சொல்லிருங்க. யார் பேருல கார்ட் இருந்தாலும் ஓடர் ஐடில பிள்ளையோட நம்பரப் போட்டுட்டா குழப்பம் வராது, அந்தப் பேர் எழுதாத ஸ்லிப் பிரச்சினை அதோட ஒழிஞ்சிரும்.

கணக்கையும் போட்டுக்கங்க. கேட்வே நூத்துக்கு 3 ரூவா எடுத்தா 600ல 18 போகும், 40 பேர் கார்ட்ல வந்தா மாசம் 720. அதுக்காக விலைய 620ன்னு கூட்டாதீங்க. நீங்க ராத்திரி கொப்பியோட உட்கார்ற நேரத்துக்கு அது ரொம்பக் குறைவு.

பதுளை_கணக்கு:

எல்லாரும் நல்லா சொல்லியிருக்காங்க, விட்டுப் போனது ரெண்டு மூணு. சர்வர் நேரம் பெரும்பாலும் யூடிசிங்கிற உலகப் பொது நேரத்துல இருக்கும், நம்ம நேரம் அஞ்சரை மணி முன்னுக்கு. மாத்தாம விட்டா ராத்திரி பன்னெண்டுக்குப் பூட்ட வேண்டியது காலையில அஞ்சரைக்குத்தான் பூட்டும், காலையில எழும்பிப் படிக்கிற பிள்ளை வீடியோ நடுவுல வெளிய விழும். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல கொழும்புன்னு மாத்துங்க. வேர்ட்பிரஸ் எழுதியிருக்கிற பிஹெச்பி மொழியில ஜனவரி 31க்கு ஒரு மாசம் கூட்டினா பிப்ரவரிய தாண்டி மார்ச்ல போய் நிக்கும், 15க்குள்ள சேர்க்கிறதுனால உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல, ஆனா கூப்பன் அட்டைக்கு 30 நாள்னே கணக்கு வைங்க. திகதி இன்னும் முடியாம இருக்கிறப்ப அட்டை போட்டா இன்னைக்கு இருந்து எண்ணாம அந்தப் பழைய திகதியில இருந்து எண்ணணும், இல்லாட்டி முன்கூட்டியே கட்டின நல்ல ஆளுக்குத்தான் நட்டம்.

அப்புறம் செக்யூரிட்டி ப்ளகின், கேஷ் ப்ளகின் வச்சிருந்தா நோட்டிஃபை முகவரிய அதுல இருந்து விலக்கி விடுங்க. வெளிய இருந்து வர்ற அந்தச் செய்திய அதுங்க தடுத்துரும், காசு வரும், அக்கவுண்ட் திறக்காது, ஏன்னே தெரியாது. நான் அதுல ரெண்டு நாள் தேடினேன்.

லிந்துல_டீச்சர்:

ஒரு கிழமை கழிச்சு வந்து எழுதுறேன். பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் குடுத்தாச்சு. நிஜக் காசு இல்லாம சோதிச்சுப் பார்க்கிற சேன்ட்பொக்ஸ்ல தம்பி சொன்ன மாதிரியே செஞ்சு பார்த்தோம், டெஸ்ட் கார்ட்ல காசு கட்டிட்டு ஓடிபி அடிச்ச உடனே வேணும்னே போனோட டேட்டாவ நிறுத்திட்டேன், ரிட்டர்ன் பக்கம் வரவே இல்ல, ஆனா அக்கவுண்ட் திறந்திருந்துச்சு! நம்பர மாத்தி பொய் நோட்டிஃபை அனுப்பிப் பார்த்தோம், அத எடுத்துக்கல. சிக்னேச்சர் முதல்ல ஒத்து வரல, 600ன்னு எழுதியிருந்தோம், 600.00ன்னு ரெண்டு தசமத்தோட எழுதினதுக்கு அப்புறம்தான் சரியாச்சு, வேற யாராச்சும் இதுல மாட்டினா அதப் பாருங்க.

அட்டை முதல் கட்டு 50 அடிக்கக் குடுத்திருக்கேன். வெட்டுறதுக்கு ரெண்டு நாள் முன்னால போற எஸ்எம்எஸ்ஸ இப்பிடி எழுதியிருக்கேன், மடுல்சீமை அக்கா பார்த்துச் சொல்லுங்க: "வணக்கம். 12ஆம் திகதி உங்க கார்ட்டுல இருந்து 600 ரூபா எடுக்கப்படும். இந்த மாதம் வசதி இல்லையென்றால் இன்றே இந்த லிங்க்கில் நிறுத்தலாம், பிள்ளையின் வகுப்பு 7 நாள் திறந்திருக்கும்."

மடுல்சீமை_தாய்:

நல்லா இருக்கு டீச்சர். "வசதி இல்லையென்றால்"ங்கிறத மட்டும் எடுத்துருங்க, அதப் படிச்சுட்டு சில பேர் வெக்கத்துல நிறுத்தவும் மாட்டாங்க, கட்டவும் முடியாது. "நிறுத்த விரும்பினால்"னு போடுங்க. லிங்க் அமுக்கத் தெரியாத ஆளுக்கு உங்க போன் நம்பரயும் சேர்த்துருங்க.

லிந்துல_டீச்சர்:

மாத்திட்டேன் அக்கா. நம்பரும் போட்டாச்சு.